நுழையாத நாற்காலி: ஒப்பனைப் பொம்மைகளும் குழந்தை விளையாட்டில் மாற்றுத்திறன் உடல்களும்

ஆய்வுச் சுருக்கம்

உடற்குறையையும் நிற வேறுபாட்டையும் உருவில் காட்டும் ஒப்பனைப் பொம்மைகள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. தமிழிலக்கியம் காட்டும் பாவை விளையாட்டு, கூன் குறள் ஆகியோரின் சித்திரிப்பு, மீஞ்சூர்ப் பகுதியின் இன்றைய விளையாட்டுச் சூழல் ஆகியவற்றோடு அப்பொம்மைகளை ஒப்பிட்டு, பொம்மையின் உடலைக் காட்டிலும் அவ்வுடல் நுழையும் விளையாட்டுவெளியே மதிப்பீட்டிற்கு உரியது என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பாவை, மரப்பாச்சி, பார்பி, கூனி, மாற்றுத்திறன், மீஞ்சூர்

மின்தூக்கியும் நாற்காலியும்

அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம் 1959-இல் அறிமுகப்படுத்திய பார்பி, நெடுங்காலம் ஒரே வகை உடலின் பெயராக இருந்தது. ஒடுங்கிய இடை, நீண்ட கால், வெளிறிய தோல் ஆகியவற்றைக் கொண்ட அவ்வுடலே அழகின் அளவுகோலாகச் சிறுமியர் கையில் தரப்பட்டது. 1997-இல் அந்நிறுவனம் சக்கர நாற்காலியில் அமர்ந்த பெக்கி என்னும் பொம்மையை உருவாக்கியது. நாற்காலி வாய்த்தது பார்பிக்கு அன்று, அவள் தோழிக்கே என்பது கவனிக்கத்தக்கது. பொம்மை விற்பனைக்கு வந்த பின்னர், மூளை முடக்குவாதம் கொண்ட பள்ளி மாணவி ஒருவர் பெக்கியின் நாற்காலி பார்பியின் கனவு இல்லத்து மின்தூக்கிக்குள் நுழையவில்லை என்று எடுத்துக்காட்டினார். வீட்டின் வடிவமைப்பை மாற்றுவதாக நிறுவனம் கூறியது. ஆயினும் காலப்போக்கில் பெக்கியின் தயாரிப்பே நின்றுபோனது. தோழி அழைக்கப்பட்டாள்; வீடு அவளுக்காகக் கட்டப்படவில்லை.

பார்பி என்னும் பெயரிலேயே சக்கர நாற்காலியும் கழற்றி மாட்டத்தக்க செயற்கைக் காலும் வந்தது 2019-இல்தான். வெண்புள்ளித் தோல் (2020), காதுக்குப் பின் பொருத்தும் செவிக்கருவி (2022), டவுன் நோய்க்குறி (2023), வெண்கோல் ஏந்திய பார்வையற்ற உரு (2024), இன்சுலின் கருவி அணிந்த உரு (2025) என வரிசை தொடர்ந்தது. இம்மாற்றம் நிறுவனத்தின் கருணையால் மட்டும் விளைந்ததன்று. 2015-இல் பிரிட்டனில் மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர் முன்னெடுத்த ‘டாய் லைக் மீ’ இயக்கம் போன்ற முயற்சிகள் பொம்மை நிறுவனங்களை நெருக்கின.

செவிக்கருவி அணிந்த சிறுமி, தன் காதில் இருப்பதைப் பொம்மையின் காதிலும் காண்பது சிறிய செய்தியன்று. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையர் 1940-களில் நடத்திய பொம்மை ஆய்வில் கறுப்பினக் குழந்தைகளுள் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையையே நல்லது எனத் தேர்ந்தனர். பொம்மையின் நிறம் குழந்தையின் தன்மதிப்போடு பிணைந்தது என்பதற்கு அதைவிட வலிய சான்று தேவையில்லை. எனவே இப்பொம்மைகளை வணிகத் தந்திரம் என ஒதுக்கிவிடும் திறனாய்வு, அவற்றைக் கையில் எடுக்கும் குழந்தையை மறந்துவிடுகிறது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஒப்பனைப் பொம்மையின் இலக்கணமே அணிதலும் மாற்றி அணிதலும் ஆகும். அவ்விலக்கணத்திற்குள் வரும்போது நாற்காலியும் வெண்கோலும் கைப்பை, காலணி ஆகியவற்றின் வரிசையில் நின்றுவிடுகின்றன. வேறுபாடு உடலின்மீது ஏற்றப்படும் பொருளாகிறது. அவ்வுடலை மறிக்கும் படிக்கட்டு பெட்டிக்குள் வருவதில்லை. இவ்வகையில் 2019-ஆம் ஆண்டுப் பொம்மையில் மிகச் சிறந்த உறுப்பு நாற்காலியன்று, அதனுடன் தரப்பட்ட சிறு சாய்தளமே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வீட்டைப் பற்றிப் பேசும் ஒரே துண்டு அதுதான்.

மரப்பாச்சி பற்றிய ஒரு மறுப்பு

இத்தகைய விவாதங்களில் மரப்பாச்சியை எதிர்நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. செம்மரத்தில் கடைந்த அதன் முகம் சில கோடுகளே. நிறமும் உறுப்பும் வரையறுக்கப்படாமையால் எந்தக் குழந்தையும் எந்த உடலையும் அதற்குத் தரலாம். ஆகவே நம் மரபிற்கு இப்புதிய பொம்மைகள் தேவையில்லை என்பது அவ்வாதம். கேட்பதற்கு இனியது, ஏற்பதற்குக் கடினமானது. மரப்பாச்சி இணையாகவே தரப்படுகிறது: ஆண் ஒன்று, பெண் ஒன்று. கொலுவில் அது மணமக்களாகவே உடுத்தப்படுகிறது. கோடுகள் குறைவாயினும் அது திருமணத்திற்கு உரிய முழுமையான உடல். வெற்றுருவில் குழந்தை எதையும் கற்பிக்கலாம் என்பது உண்மை. ஆனால் தன்னைச் சுற்றியுள்ளோர் எவற்றை உடல் எனக் கருதுகின்றனரோ அவற்றையே குழந்தை முதலில் கற்பிக்கும்.

கொலுப்படிகளில் வேறுபட்ட உடல்கள் இல்லாமலில்லை. தசாவதார வரிசையில் குறள் வடிவினனான வாமனன் உண்டு. அவன் குறுமை வளர்வதற்காகவே வந்த குறுமை. பருத்த செட்டியாரும் செட்டிச்சியும் நகைப்பிற்குரிய அன்போடு கடை விரித்திருப்பர். இராமாயணத் தொகுதியில் இடம்பெறும்போது கூனி சூழ்ச்சிக்காரியாக நிற்பாள். வியப்பு, நகைப்பு, வெறுப்பு ஆகிய மூன்று இருக்கைகளே அங்கு உள்ளன.

உண்டைவில்லும் சூதுப்பலகையும்

தமிழிலக்கியத்தில் விளையாட்டும் உடற்குறையும் சந்திக்கும் இடங்கள் இவ்விவாதத்தில் போதிய அளவு பேசப்படவில்லை. புறநானூற்று 28-ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் கூன், குறள், ஊமை, செவிடு முதலாக எண்வகைக் குறைகளைப் பயனற்ற பிறப்புகளாக எண்ணுகிறார். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைகளையும், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளையும் பட்டியலிட்டன. எண்ணுதல் பழையது, உரிமைக்காக எண்ணுதலே புதியது.

கலித்தொகை 94-ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. கூனியும் குறளனும் அரண்மனைக் குற்றேவலர். ஒருவரையொருவர் உடலைச் சுட்டி எள்ளிக்கொள்கின்றனர். சூதாடும் பலகையைத் தூக்கி நிறுத்தினாற்போல இருக்கிறாய் என அவள் அவனை இகழ்கிறாள். உடல் இங்கே விளையாட்டுக் கருவியோடு ஒப்பிடப்படுகிறது. எள்ளல் மெல்ல இசைவாகிறது. இறுதியில் இருவரும் அரண்மனையார் கண்டு நகையாத இடத்தை நாடுகின்றனர். நகைச்சுவைப் பாடல் என உரைமரபு இதனை எளிதில் கடந்துவிடுகிறது. அந்த இறுதி விழைவில் நகைப்பில்லை. பிறர் பார்வை எட்டாத ஓர் இடம் இருந்தாலன்றி இவ்விருவரும் காதலராக இயலாது என்பதைப் பாடல் அறிந்திருக்கிறது.

கம்பனில் இது மேலும் கூர்மையடைகிறது. மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் கூனியின் சினத்திற்கு ஒரு பழைய நினைவு காரணமாகிறது: இளமையில் இராமன் தன் வில்லால் மண்ணுண்டை எறிந்தது. ஆழ்வார் பாசுரங்களும் இந்நிகழ்வைச் சுட்டுகின்றன. அங்கு அது அவதாரச் சிறுவனின் விளையாட்டு. உண்டைவில் பொம்மையாயுதமே. எறிந்தவனுக்கு அது விளையாட்டு. பட்டவளுக்கோ பல்லாண்டு நீங்காத நினைவு. கம்பன் கூனிக்கு நியாயம் வழங்கவில்லை, அவளைக் கொடியவள் என்றே பேசுகிறான். ஆயினும் ஒரு காப்பியத்தின் திருப்பத்தை மாற்றுடல் ஒன்றின்மீது குழந்தை நிகழ்த்திய விளையாட்டோடு இணைத்துவிடுகிறான். அவ்வுடல் விளையாட்டில் இலக்காக இருந்தது, ஆடுபவளாக இருந்ததில்லை. பொம்மை பற்றிய இன்றைய வினாவும் இதுவே: மாற்றுத்திறன் உருவைக் கையில் எடுத்த குழந்தை அதனை என்ன செய்யவிடுகிறது?

மீஞ்சூரில்

திருவள்ளூர் மாவட்டத்தின் மீஞ்சூர், சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர் இருப்புப்பாதையில் உள்ளது. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் சூழ்ந்த பகுதி. மேற்கூறிய பார்பி வகைகள் எவையும் இவ்வூர்க் கடைத்தெருவில் இக்கட்டுரையாளர் கண்ணில் பட்டதில்லை. திருவிழாக் கடைகளில் பாலிதீன் உறையில் தொங்குபவை பெயரற்ற உள்ளீடற்ற நெகிழிப் பொம்மைகள்: மஞ்சள் முடி, இளஞ்சிவப்பு உடல், அசையாத கால். அவற்றையும் மக்கள் பார்பி பொம்மை என்றே அழைக்கின்றனர். பன்முகத்தன்மை விலையுயர்ந்த பதிப்பில் வருகிறது. மலிவான பதிப்பில் பழைய ஒற்றை உடலே வருகிறது. உலகளாவிய விளம்பரங்கள் மறைத்துவிடும் வேறுபாடு இது.

அதேவேளை இவ்வூர்க் குழந்தைக்கு மாற்றுடல் அயலானதன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஏறத்தாழ 11.8 இலட்சம் மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டி, பின்பக்கம் இணைச்சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், காலிப்பர் பூட்டிய கால், மின்தொடர் வண்டியில் வெண்கோலூன்றிப் பெட்டி பெட்டியாகச் சென்று சீப்பும் பேனாவும் விற்பவர் ஆகியோரை அது நாள்தோறும் காண்கிறது. இவர்களில் எவரும் பார்பியின் பளபளக்கும் நாற்காலியில் இல்லை. இங்கு மாற்றுத்திறன் என்பது தொழில், கூலி, நடைமேடைக்கும் வண்டிப்படிக்கும் இடையிலான உயரம் ஆகியவற்றோடு பிணைந்த வாழ்வு. வெண்கோல் கொண்ட பொம்மை இக்குழந்தையின் கைக்கு வந்தால், அது முதலில் வண்டியில் ஏறி எதையாவது விற்கத் தொடங்கும் என்றே தோன்றுகிறது. அதில் இழிவில்லை. பயணியர் சில்லறையைச் சரியாகக் கொடுக்கிறார்களா என்பதுவரை அவ்விளையாட்டு செல்லக்கூடும்.

சங்கப் பாடல்களின் நெய்தற் சிறுமியர் மணலில் வண்டற்பாவை செய்தனர். கோரையால் பஞ்சாய்ப்பாவை முடைந்தனர். அலை அழிக்க மீண்டும் செய்தனர். வாங்கிய பாவைக்கும் செய்த பாவைக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் பயன்படுகிறது. செய்பவள் உடலை முடிவு செய்கிறாள். அதற்கேற்ற சிற்றிலையும் அவளே கட்டுகிறாள். மணல்வீட்டில் மின்தூக்கியின் அகலம் ஒரு சிக்கலாவதில்லை. நீலகிரியில் பெண்கள் துணிமீதங்களிலிருந்து பல நிறத் தோலுடன் கைப்பொம்மைகள் தைக்கும் ‘தி குட் டால்’ முயற்சி இத்திசையில் ஒரு தொடக்கம். அதுவும் விற்பனைப் பொருளே என்பதை மறக்க வேண்டியதில்லை.

மீஞ்சூருக்கு அண்மையில் பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலைக் கைவினையில் தேர்ந்தவர்கள். ஓலையில் முடையப்படும் விளையாட்டுப் பொருள்களுள் கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டி ஒன்று ஏன் இருக்கலாகாது? அவ்வண்டியின் சரியான அளவை, அதை நாள்தோறும் ஓட்டுபவரிடமே கேட்டறியலாம். அங்கன்வாடியில் அது ஒரு சாய்தளத்துடன் வைக்கப்படுமாயின், எந்தப் பொம்மையை அதில் அமர்த்துவது, அதை எங்கே செலுத்துவது என்பவற்றைக் குழந்தைகள் தம்முள் பேசி முடிவு செய்வர்.