வழிபாட்டுக் கூடமும் மாட்டுத் தொழுவமும்

இஸ்ரேலின் பெய்ட் ஷெயான் பள்ளத்தாக்கில், கடல்மட்டத்துக்கும் கீழே, வெயில் கொளுத்தும் சமவெளியில் இருக்கிறது ஸ்தே எலியாஹு. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத இளைஞர்கள் 1939-இல் தொடங்கிய கிப்புட்ஸ் இது. சொத்தும் வருமானமும் பொது என்பதே கிப்புட்ஸ் என்ற கூட்டுக் குடியிருப்பின் அடிப்படைக் கொள்கை. பெரும்பாலான கிப்புட்ஸ்கள் மதத்தை ஒதுக்கிவைத்த காலத்தில், இவர்கள் தோரா என்ற யூத வேதத்தையும் உழைப்பையும் சேர்த்தே பிடித்துக்கொண்டார்கள். இந்தச் சேர்க்கையே அவர்களுடைய பலம். அவர்களுடைய குறையும் அதிலேதான் இருக்கிறது.

ஓய்வுநாளில் பால் கறக்கக் கூடாது என்பது யூதச் சட்டம். கறக்காவிட்டால் பசு மடி கனத்துத் துடிக்கும். அதன் வேதனை தீரத் தரையில் பீய்ச்சிவிடலாம். ஆனால் வாரம் ஒருநாள் பாலை மண்ணில் விடுவது ஏழைக் குடியானவர்களால் தாங்கக்கூடிய இழப்பா? வேற்று மதத்தவரைக் கூலிக்கு வைத்துக் கறக்கலாமென்றால், கூலியாள் வைப்பதில்லை என்ற கிப்புட்ஸ் கொள்கை குறுக்கே நின்றது. சட்டத்தையும் விடாமல் கொள்கையையும் விடாமல், ரப்பிகள் என்ற யூத மதகுருக்களோடு வாதாடி, கறவை இயந்திரத்தை நேரக்கருவியோடு இணைத்து வழி கண்டன மதக் கிப்புட்ஸ்கள். கட்டுப்பாடு மூளையை முடக்கும் என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

ஸ்தே எலியாஹு இயற்கை வேளாண்மைக்கும் முன்னோடி. பயிரை அழிக்கும் செஞ்சிலந்தியைத் தின்னும் சிற்றுயிர்களை வளர்த்து விற்கிறார்கள். எலிகளை ஒழிக்க 1983 முதல் வயல்களில் கூகைகளுக்குக் கூட்டுப்பெட்டி வைத்தார்கள். அந்தத் திட்டம் பின்னர் ஜோர்தான் விவசாயிகளிடமும் போய்ச் சேர்ந்தது.

மதம் கூட்டுவாழ்க்கைக்கும் பலம் தருகிறதா என்று அறிய, ரிச்சர்ட் சோசிஸ், பிராட்லி ரஃப்ல் என்ற ஆய்வாளர்கள் கிப்புட்ஸ்களில் நடத்திய சோதனை ஒன்று உண்டு. ஒரே கிப்புட்ஸைச் சேர்ந்த, தன் இணை யாரென்று அறியாத இருவருக்குப் பொதுவில் 100 ஷெக்கல் பணம். ஒவ்வொருவரும் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். இருவரும் எடுப்பது மொத்தம் 100-ஐத் தாண்டினால் யாருக்கும் ஒன்றுமில்லை. மீதமிருந்தால் அது ஒன்றரை மடங்காகி இருவருக்கும் சரிபாதி. மதக் கிப்புட்ஸ் ஆண்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே எடுத்தார்கள். கூட்டு வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்கள் இன்னும் குறைவாக. பெண்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மூன்று வேளைக் கூட்டு வழிபாடு ஆண்களின் கடமை. அதற்கு வேண்டிய பத்துப் பேரின் எண்ணிக்கையில் பெண்கள் சேர்வதில்லை. பொதுக்கூட்டத்தில் சமமாக வாக்களிக்கும் பெண், வழிபாட்டுக் கூடத்தில் தடுப்புக்கு அப்பால் நிற்கிறாள். பக்கத்துக் கிப்புட்ஸான ஐன் ஹனட்சீவ் பெண்களுக்கென்று தோரா கல்விக்கூடம் தொடங்கியது நல்ல முயற்சி. ஆனால் அது பாதி வழிதான்.

அதைவிடப் பெரிய குறை நிலத்தைப் பற்றியது. 1948 மே மாதத்தில் அருகிலிருந்த பெய்சான் நகரின் அரபு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். எல்லாம் எல்லோருக்கும் என்ற கொள்கை அவர்களை ஒருபோதும் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு பசுவின் வலிக்காக அத்தனை வாதாடிய சமூகம், இந்த அநீதியைப் பற்றியும் அதே பிடிவாதத்தோடு தன் ரப்பிகளிடம் கேட்டிருக்க வேண்டும்.