மத்தேயுவின் வம்ச வரலாறும் விசுவாசத்தின் அடித்தளமும்

மத்தேயு நற்செய்தியின் தொடக்கப் பகுதியை (1:1–17) வரலாற்றுச் சான்றாவணமாக மட்டும் வாசிப்போர் விரைவில் இடர்ப்படுவர். யோராமுக்கும் உசியாவுக்கும் இடையே அகசியா, யோவாஸ், அமத்சியா ஆகிய மூன்று அரசர்கள் விடுபட்டுள்ளனர். 1 நாளாகமம் 3:11–12 அவர்களைக் குறிப்பிடுகிறது. மும்முறை 14 தலைமுறை என்னும் பகுப்பு ஆசிரியரின் தெரிவைக் காட்டுகிறது. தாவீது என்னும் பெயரின் எபிரேய எழுத்துகளது எண்மதிப்பும் 14 ஆகும். ஆகவே இப்பட்டியலை முழுமையான பதிவேடு என்பதைவிட இறையியல் நோக்குடைய தொகுப்பு என்பதே பொருந்தும்.

அந்நோக்கைப் பெண்களைப் பற்றிய குறிப்புகள் புலப்படுத்துகின்றன. தாமார், ராகாப், ரூத் ஆகியோர் பெயர் சுட்டப்பெற, பத்சேபாள் மட்டும் உரியாவின் மனைவியாகவே குறிக்கப்படுகிறாள். தாவீதின் மரபை உயர்த்தும் பட்டியலே அவனது குற்றத்தையும் நினைவூட்டுகிறது. ராகாபும் ரூத்தும் புறவினத்தார். மேலும், தமிழ் வேதாகமத்தில் தொடர்ந்து வரும் ‘பெற்றான்’ என்னும் வினை 1:16இல் யோசேப்போடு நின்றுவிட, இயேசுவுக்குப் ‘பிறந்தார்’ என்னும் வினை அமைகிறது. குருதிவழித் தொடர்ச்சி அவ்விடத்தில் அறுபடுகிறது.

எனவே, குலத்தூய்மையை மெய்ப்பிக்க இப்பட்டியலை எடுத்தாளும் வாசிப்புகள் பனுவலுக்கே முரணானவை. இது விசுவாசத்துக்குத் தரும் வலிமை எண்ணிக்கையின் துல்லியத்தில் இல்லை. களங்கமுற்ற வரலாற்றினூடாகவும் வாக்குத்தத்தம் நிலைத்தது என்னும் சாட்சியில் உள்ளது.