தொண்ணூறாம் நாள் கிடைக்கும் தயவு

கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்ட முடியாதவர் வங்கியிடம் கேட்டுப் பெறக்கூடிய உதவி நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பாக்கியை இஎம்ஐயாக மாற்றிக்கொள்வது. இன்னொன்று செட்டில்மெண்ட், அதாவது பாக்கியில் ஒரு பங்கை மட்டும் கட்டிக் கணக்கை முடித்துக்கொள்வது. இரண்டிலும் பலன் இருக்கிறது. ஆனால் முதலாவது ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருப்பவரைத் தேடி வருகிறது. இரண்டாவது, கட்டுவதை நிறுத்திச் சில மாதங்கள் ஆனவரைத் தேடி வருகிறது. வேலை போய் இருபது நாளாகி, அடுத்த டியூவுக்கு என்ன செய்வதென்று முழித்துக்கொண்டிருப்பவர் இரண்டிலும் சேர மாட்டார். உதவி செய்தால் கடன் கையை மீறாமல் இருக்கும் கட்டம் அதுதான். அந்தக் கட்டத்தில்தான் கஸ்டமர் கேரில் இருப்பவர், “மினிமம் டியூவையாவது கட்டிடுங்க சார்” என்கிறார்.

அந்த அறிவுரையின் விலை என்ன என்று போட்டுப் பார்க்கலாம். பாக்கி ஒரு லட்சம், வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கார்டு உலகில் இது சாதாரண விகிதம். ஆண்டுக்கு 42 சதவீதம். முதல் மாத வட்டி 3,500. கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்பது பலருக்கு ஸ்டேட்மெண்ட் பார்த்த பிறகே தெரியவரும். அது 630. ஆக, 5,000 ரூபாய் கட்டினால் அசலில் கழிவது 870. கார்டை ஒருமுறைகூடத் தேய்க்காமல் மாதம் தவறாமல் 5,000 கட்டினாலும் கடன் அடைய மூன்றரை ஆண்டுக்கு மேலாகும். மொத்தம் ஏறக்குறைய 2,16,000 ரூபாய் போயிருக்கும். மினிமம் டியூவைக் கட்டிய பிறகும் கடன் வளர்ந்துகொண்டே போகக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வளரவில்லைதான், கரையவும் இல்லை.

இதே ஒரு லட்சத்தை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் 24 மாத இஎம்ஐயாக மாற்றினால் தவணை 4,992 ரூபாய். வட்டிக்கான ஜிஎஸ்டியைச் சேர்த்தாலும் மொத்தம் 1,23,000 சொச்சத்தில் முடிகிறது. அதே ஐயாயிரம்தான் கையிலிருந்து போகிறது. இங்கே முடியும் தேதி ஒன்று இருக்கிறது. பிராசஸிங் கட்டணம் உண்டு, கார்டின் லிமிட் அந்த அளவுக்கு முடங்கும், இடையில் அடைத்தால் அதற்கும் பிடித்தம் இருக்கலாம். அத்தனையையும் கழித்தாலும் வங்கி தரும் உதவிகளில் கணக்கு நேராக நிற்பது இதுதான். செட்டில்மெண்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

குறை வேறிடத்தில். எந்தப் பாக்கியை மாற்றலாம், யாருக்கு, எந்த வட்டியில் என்பதெல்லாம் வங்கியின் விருப்பம். டியூ தவறாமல் இருக்கும்போது செயலியைத் திறந்தாலே “இஎம்ஐயா மாத்திக்கோங்க” என்று வந்து நிற்கும். இரண்டு மாதம் தடுமாறிவிட்டால் அந்த வசதி கண்ணில் படாமல் போய்விடக்கூடும். ரிஸ்க் கூடியவருக்கு வட்டியைக் குறைப்பானேன் என்பது வங்கியின் நியாயம். அப்படியானால் அவரிடம் 42 சதவீதம் வாங்கிக்கொண்டிருப்பதால் ரிஸ்க் குறைகிறதா என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. இந்த இடைவெளியில் சிக்கியவர்கள்தான் ‘ரொட்டேஷனில்’ இறங்குகிறார்கள். தெரிந்த கடையில் ஒரு கார்டைத் தேய்த்து, கமிஷன் கொடுத்துப் பணமாக வாங்கி, இன்னொரு கார்டின் டியூவைக் கட்டுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோல இருக்கும். சிபில் ஸ்கோர்கூடச் சில மாதம் தாங்கும். உடையும்போது நான்கைந்து கார்டு ஒன்றாக உடையும்.

வங்கியின் குரல் 90 நாளுக்குப் பிறகு மாறுவதற்குக் காரணம் கருணை இல்லை, கணக்குப் பதிவு. ஸ்டேட்மெண்டில் உள்ள டியூ தேதியிலிருந்து 90 நாளுக்குள் மினிமம் டியூ முழுதாக வராவிட்டால் அந்தக் கணக்கு வாராக்கடன். அதற்காக வங்கி தன் லாபத்திலிருந்து பணம் ஒதுக்க வேண்டும். கார்டு கடனுக்கு ஈடு எதுவும் இல்லை. வீட்டுக் கடன் என்றால் சர்ஃபாசி சட்டத்தில் வீட்டை எடுக்கலாம், இங்கே எடுக்க ஒன்றுமில்லை. அதே வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதிலிருந்து பிடிக்கலாம், இல்லையென்றால் சிவில் கோர்ட். நாளாக ஆக, வந்தவரை லாபம் என்ற மனநிலை வந்துவிடுகிறது. அதுவரை நூறு ரூபாய் வட்டியைக்கூடத் தள்ளுபடி செய்யாத அதே வங்கி, “பாதி கட்டுங்க, முடிச்சுக்கலாம்” என்கிறது. மார்ச் நெருங்கினால் பேரம் இன்னும் படியும் என்பது வசூல் வட்டாரத்தில் புழங்கும் நம்பிக்கை.

அந்தப் பாதி எதில் பாதி என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஒரு லட்சத்தை எட்டு மாதம் கட்டாமல் விட்டதாக வைத்துக்கொள்வோம். வட்டிக்கு வட்டி போடாமலே வட்டியும் ஜிஎஸ்டியும் 33,000. தாமதக் கட்டணம் மாதம் ஆயிரம் என்றால் வரியோடு ஒன்பதாயிரத்துச் சொச்சம். பாக்கி இப்போது 1,42,000 என்று காட்டும். அதில் பாதி 71,000. தான் உண்மையில் செலவழித்த ஒரு லட்சத்தில் அவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி 29,000தான். அதுவும் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக எட்டு மாதம் போன் மணிக்குப் பயந்து வாழ்ந்திருக்கிறார். சிபிலில் ‘செட்டில்டு’ என்ற முத்திரையோடு ஆண்டுக்கணக்கில் இருக்கப்போகிறார். இப்படி முடித்தவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதுக்கடன் தரக் கூடாது என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சமரசத் தீர்வு விதிகள் சொல்கின்றன. அசலில் அதே 29,000ஐ வங்கி முதல் மாதமே விட்டுக்கொடுத்திருந்தால் இதெல்லாம் யாருக்கும் வந்திருக்காது.

செட்டில்மெண்டுக்கு ஒத்துக்கொள்வதென்று முடிவானபின் எல்லாம் ஒரு தாளில் நிற்கிறது. வங்கியின் லெட்டர்ஹெட், கார்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், மொத்தப் பாக்கி, ஒத்துக்கொண்ட தொகை, எத்தனை தவணை, எந்தத் தேதிக்குள், இதற்குப் பிறகு பாக்கி எதுவும் இல்லை என்ற வாசகம். கீழே சின்ன எழுத்தில், ஒரு தவணை தவறினாலும் சலுகை ரத்து, கட்டியது பழைய பாக்கியில் வரவு வைக்கப்படும் என்று இருக்கும். வசூல் ஏஜென்சி ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் நாலு வரி இந்தத் தாளுக்கு ஈடாகாது. அவர் ஏஜென்சி மாறிப்போனால் வாக்கும் போச்சு. இன்னொரு கண்ணி இருக்கிறது. தவணைகளுக்காகப் பின்தேதியிட்ட செக் கேட்பார்கள். கார்டு பாக்கி சிவில் விவகாரம்; மோசடி இல்லாதவரை அதற்காக யாரையும் கைது செய்ய முடியாது. செக் கொடுத்து அது பவுன்ஸ் ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு, கிரிமினல் வழக்கு. உதவி என்று கையெழுத்துப் போட்ட தாளாலேயே கடன்காரர் இருந்ததைவிட மோசமான இடத்துக்குப் போய்விடலாம். லோக் அதாலத்தில் முடிப்பது இந்த வகையில் மேல். கோர்ட் கட்டணம் இல்லை, முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. வாய்வார்த்தைக்கு அங்கே வேலையில்லை.

வசூல் ஆட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை வந்துவிட்டது. படித்தவர்கள் எத்தனை பேரோ.

முன்கூட்டியே உதவக் கிளம்பினால் கட்ட வசதி உள்ளவர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள் என்பது வங்கிகளின் வலுவான வாதம். தள்ளிவிட முடியாத வாதம். ஆனால் இப்போதைய நடைமுறை அதைத் தடுக்கவில்லை. “மூணு மாசம் கட்டாதே, அவனே கூப்பிடுவான்” என்பது ஊரறிந்த ரகசியம். கட்டாமல் இருப்பதற்கே இன்று பரிசு. கஷ்டப்பட்டு மினிமம் கட்டியவர்தான் ஏமாளி. தவிர, ஏமாற்றுகிறவர்களால் வரும் நஷ்டத்துக்கும் சேர்த்துத்தானே 42 சதவீதம்? 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை, ஹெச்எஸ்பிசி உள்ளிட்ட வங்கிகளின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. விலையை வங்கியே வைக்கலாம் என்றான பிறகு, அந்த விலைக்குள் கொஞ்சம் பொறுமையும் அடங்கியிருக்க வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை.

பிரிட்டனில் 2018இல் வந்த விதி இதைச் செய்கிறது. 18 மாதத்தில் அசலைவிட வட்டியும் கட்டணமுமாக அதிகம் கட்டியவரை வங்கியே தொடர்புகொண்டு எச்சரிக்க வேண்டும். 36 மாதமாகியும் மாறவில்லை என்றால் நியாயமான காலத்தில் அடைக்க வழி காட்ட வேண்டும், வேண்டியவருக்கு வட்டியைக் குறைக்கவும் வேண்டும். நம் ஒரு லட்ச உதாரணம் அங்கே முதல் கெடுவிலேயே மாட்டியிருக்கும்: 18 மாதத்தில் கட்டியது 90,000, அசலில் கழிந்தது 22,500 சொச்சம். பணத்துக்குத் திண்டாடுகிறவரைக் கண்டுபிடிக்க அவர் கட்டாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டேட்மெண்டே சொல்லும். எந்தக் கடையில் என்ன வாங்கினார் என்று பார்த்து அடுத்த சலுகையை அனுப்பத் தெரிந்த வங்கிக்கு இது தெரியாதா என்ன.

நம்மிடமும் யோசனை இல்லாமல் இல்லை. கடன் ஆலோசனைக்கென்றே மையங்கள் திறக்க 2009இல் ரிசர்வ் வங்கி திட்டம் போட்டது. 2012இல் அவை நிதி எழுத்தறிவு மையங்களாகின. சேமிப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார், வங்கியோடு உட்கார்ந்து பேசிக்கொடுக்க ஆள் இல்லை. 2016 திவால் சட்டத்தில் ஏழைக் கடன்காரருக்கு ‘புதுத் தொடக்கம்’ என்றொரு அத்தியாயம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000க்குள், கடன் 35,000க்குள், சொந்த வீடு கூடாது. அந்த வரம்பில் கார்டு வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பகுதியும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மிஞ்சுவது தாத்தா காலத்து மஞ்சள் நோட்டீஸ். அதாவது 1909, 1920ஆம் ஆண்டுத் திவால் சட்டங்கள்.

வங்கி கைவிரித்தால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ போகலாம். தகாத நேரத்தில் வந்த அழைப்பு, பாக்கி தீர்த்து 30 நாளாகியும் சிபிலில் திருத்தாதது, கடிதத்தில் எழுதியதை மீறியது, இவற்றையெல்லாம் அங்கே கேட்கலாம். ஆனால் வட்டியைக் குறை, தவணை கொடு என்று கேட்டதை வங்கி மறுத்தால், அது வங்கியின் வணிக முடிவு. வணிக முடிவு மீதான புகாரை அந்தத் திட்டம் ஏற்பதில்லை.