சாவி இல்லாத ஹோப்ஃபுல்

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்துக்கு மூலம் ஜான் பன்யனின் ‘பில்கிரிம்ஸ் புராகிரஸ்’ (1678). அதில் எனக்குப் பிடித்த இடம் சந்தேகக் கோட்டை. கிறிஸ்டியனையும், நம்பிக்கையின் உருவமான ஹோப்ஃபுல்லையும் விரக்தி என்கிற அரக்கன் நிலவறையில் அடைத்து, அடித்து, செத்துப்போங்கள் என்கிறான். கிறிஸ்டியன் கிட்டத்தட்ட இறங்கிவந்துவிடுகிறான். ஹோப்ஃபுல்தான் தடுக்கிறான்.

உயிரை எடுப்பது பாவம் என்கிறான். கூடவே, அரக்கன் ஒருநாள் பூட்ட மறக்கலாம், அவனுக்கு வலிப்பு வரலாம் என்கிறான். முதலில் படித்தபோது சிரித்தேன். இதெல்லாம் ஒரு காரணமா?

ஆனால் பன்யன் பன்னிரண்டு வருஷம் பெட்ஃபோர்டு சிறையில் கிடந்தவர். கதவைத் திறக்கும் ‘வாக்குறுதி’ என்ற சாவியை அவர் ஹோப்ஃபுல்லிடம் கொடுக்கவில்லை. அது சோர்ந்துபோன கிறிஸ்டியனின் மார்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஜெபித்துக் கழித்த ஓர் இரவின் முடிவில்தான் அவனுக்கு ஞாபகம் வருகிறது. நம்பிக்கை கதவைத் திறக்கவில்லை. அதுவரை ஆளை உயிரோடு வைத்திருந்தது, அவ்வளவுதான்.

பிரசங்கங்களில் நான் கேட்ட நம்பிக்கை, ‘எல்லாம் சரியாயிடும்’ என்ற உத்தரவாதம். வேலை போயிருந்த மாதங்களில் அது எரிச்சலைத்தான் தந்தது. தினமும் ராத்திரி போன் பண்ணி ‘சாப்டியாடா?’ என்று கேட்ட நண்பன்தான் என் ஹோப்ஃபுல். அவனிடமும் சாவி இல்லை.