பாதியில் நின்ற பிள்ளைக்கு என்ன மிச்சம்? - ஆங்கிலம் கற்பிக்கும் புத்தகங்களை முன்வைத்து

ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தில் எனக்கு அக்கறையில்லை. நம்மைப் பொறுத்தவரை அது முடிந்துபோன விவாதம். சாவித்திரிபாய் புலே 1854இல் வெளியிட்ட தன் கவிதைத் தொகுப்பிலேயே ஆங்கிலம் படியுங்கள் என்று ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சொல்லிவிட்டார். அம்பேத்கர் தன் பெரிய நூல்களை எந்த மொழியில் எழுதினார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். நான் தமிழ் எம்.ஏ. படித்த ஆள்தான். தாய்மொழிக் கல்வி என்று மேடையில் முழங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை கான்வென்ட் வேனில் ஏற்றிவிட்டு வருவதைப் பார்த்துச் சலித்துப் போன ஆளும்கூட. எனவே என் கேள்வி வேறு. எந்த ஆங்கிலம்? எந்தப் புத்தகத்தின் வழியாக? கவிதையை, நாவலை, சினிமாவையெல்லாம் கட்டுடைத்துப் பார்க்கிற நாம், நம்ம பசங்க கையில் இருக்கிற ஆங்கிலப் புத்தகத்தை ஒருநாள்கூடப் பிரித்து வாசித்ததில்லை.

காலனியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் கொண்டுவருவது பெரும்பாலும் பள்ளிப் பாடநூல். அதோடு பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும், முப்பது நாளில் ஆங்கிலம் பேசவைப்பதாகச் சொல்லும் வழிகாட்டி. யாரோ படித்துவிட்டுக் கொடுத்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணமும் ஒன்றிரண்டு வரும்.

வழிகாட்டியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சொந்தக் காசில் நம் சனம் வாங்குவது அதைத்தான். அதில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருள் போட்டிருப்பார்கள். தமிழில் இருப்பது ஒரே 'ப', ஒரே 'க'. 'பிக்' என்று எழுதினால் அது பன்றியா, பெரியதா, பொறுக்கி எடுப்பதா? ஆங்கிலத்தில் இவை மூன்றும் மூன்று வேறு ஒலிகள். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்குக் காது திருத்திக் கொடுத்துவிடும். நம்ம பிள்ளைக்கு அந்தப் பக்கம்தான் காது, அதுதான் வாய். அப்படியே மனப்பாடம் செய்து நேர்முகத் தேர்வுக்குப் போய் நிற்கும்போது எதிரே உட்கார்ந்திருப்பவன் உதட்டோரம் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பில் எவ்வளவு சாதி இருக்கிறது என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். கலெக்டருக்கும் அதுதான், காவல்காரருக்கும் அதுதான். பண்ணையார் வீட்டுப் பொடியன் எங்கள் தாத்தாவை 'வாடா' என்று கூப்பிட்ட ஊரில், இந்த ஒரு சொல்லே நமக்குப் பெரிய விடுதலை. ஆனால் நான் புரட்டிப் பார்த்த வழிகாட்டிகளில் தமிழ்ப் பத்தி அந்த விடுதலையைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்கிறது. மேலதிகாரியிடம் பேசினால் 'நீங்கள்', வேலைக்காரரிடம் பேசினால் 'நீ'. ஆங்கிலம் கற்கப் போன பிள்ளை போகிற வழியில் தன் ஊரையே இன்னொரு தடவை கற்றுக்கொண்டு வருகிறது. இந்தப் புத்தகங்களில் வருகிற உரையாடல்கள் ஓட்டலில், வங்கியில், கடையில், டாக்டரிடம் நடக்கும். தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழுக்கு நடையாய் நடக்கிறவர் பேசுகிற உரையாடலை நான் எதிலும் பார்க்கவில்லை.

மொழிப் புத்தகம் என்பது யார் யாரிடம் எப்படிப் பேசலாம் என்று சொல்லித்தருகிற புத்தகமும்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் கற்பதற்காக அச்சிட்ட கைநூல்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றின் பெயரே 'இங்கே வா'. இன்னொன்றுக்குப் பெயர் 'கூலித் தமிழ்'. பெயரிலேயே இலக்கணம் முழுவதும் வந்துவிட்டது! இந்தப் பக்கம் சென்னையில் துரைமார் அடுக்களையில் நின்ற நம் மக்கள் புத்தகமே இல்லாமல் காதால் கேட்டு ஆங்கிலம் கற்றார்கள். அதற்கு 'பட்லர் இங்கிலீஷ்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். இன்றைக்கும் அது வசைச்சொல்தான். பள்ளிக்கூடம் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் ஓர் அந்நிய மொழியைக் காதாலேயே பிடித்த அறிவை யார் மெச்சினார்கள்?

ரென் அண்ட் மார்ட்டினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1930களில் வந்தது. எழுதியவர்களில் ஒருவரான பி.சி.ரென் பம்பாயில் கல்வித்துறையில் இருந்தவர். பிரெஞ்சு அந்நியப் படை வீரர்களைப் பற்றி 'போ ஜெஸ்ட்' என்று 1924இல் நாவல் எழுதிப் பேர் வாங்கியவர். இலக்கணம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. உதாரணங்கள்தான் இங்கிலாந்துக் கவிதை வரிகளும் நீதி வாக்கியங்களுமாக இருக்கின்றன. பயிற்சிகளுக்கு விடை தனிப் புத்தகம், அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வீட்டில் திருத்திக் கொடுக்க ஆளில்லாத பிள்ளை கேள்வியோடு நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் மைக்கேல் வெஸ்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த வெள்ளைக்காரர். வங்காளத்தின் இருமொழிக் கல்வி பற்றி 1926இல் ஒரு நூல் எழுதினார். பள்ளியில் சேருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள், ஆனால் பாடத்திட்டமோ கடைசிவரை படிப்பவனுக்காகவே போடப்பட்டிருக்கிறது என்பதை அவர் பார்த்தார். ஒரு கேள்வி கேட்டார்: பாதியில் நின்றவன் கையில் என்ன தேறும்? அதற்கு அவர் வைத்த பெயர் 'சரண்டர் மதிப்பு'. எல்.ஐ.சி. பாலிசி எடுத்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். இடையில் தவணை கட்ட முடியாமல் நின்றால் கைக்கு எவ்வளவு வரும் என்கிற அதே கணக்கு.

நம் பிள்ளைகளின் ஆங்கிலத்தை இந்த ஒரு அளவுகோலில் வைத்துப் பாருங்கள். எட்டாவதில் நின்று கரும்பு வெட்டவோ பனியன் கம்பெனிக்கோ போன பிள்ளைக்கு அத்தனை வருட ஆங்கிலத்தில் மிஞ்சியது என்ன? ஒரு விடுப்பு விண்ணப்பம், பசுவைப் பற்றி ஒரு கட்டுரை, மனப்பாடமாக. மாத்திரை அட்டையை வாசிக்கத் தெரியாது. வங்கியிலிருந்து வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கச் சுற்ற வேண்டும். 2012-13இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைப் பரவலாகத் திறந்தபோதும் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. போர்டு மாறியது, அவ்வளவுதான்.

வெஸ்ட் தந்த பதில் வாசிப்பு. பேசுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வாசிக்கக் கற்றுக்கொடு, நின்றாலும் அது கையில் இருக்கும் என்றார். சொற்களை எண்ணி எண்ணி அளவாகச் சேர்த்து வாசிப்பு நூல்கள் போட்டார். பாதி பதில் சரி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அந்த வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போனால் சென்னை உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தன் மகனை வெட்டியவனுக்கு ஏன் ஜாமீன் கொடுத்தார்கள் என்பதை அறிய ஒரு தாய் வக்கீல் குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்து நிற்கிறாள். அங்கே வாசிப்புதான் ஆயுதம். ஆனால் வங்காளத்துப் பையனுக்குப் பேச்சு அப்புறம் போதும் என்று முடிவெடுக்க வெஸ்ட் யார்? வாயை மூடிக்கொண்டு வாசி என்பது நமக்குப் புதிய கட்டளையா? எதிரே உட்கார்ந்து சிரிக்கிறவனுக்கு வாயால்தானே பதில் சொல்லியாக வேண்டும்!

பேச்சுக்கு வழி இல்லாமலும் இல்லை. என்.எஸ்.பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களில் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியைத் தூக்கி வைத்துவிட்டு ரயில் கால அட்டவணை, வரைபடம் என்று பிள்ளைகளிடம் கொடுத்து, எந்த வண்டி முதலில் போய்ச் சேரும் என்று ஆங்கிலத்திலேயே கணக்குப் போட வைத்தார். கரும்பலகையும் சாக்பீஸும் இருந்தால் போதும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இன்றும் அதைப் பற்றிப் படிக்கிறார்கள். நம்மூர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

உத்தரப் பிரதேசத்தில் பங்கா கிராமத்தில் 2010இல் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்டத் தொடங்கினார்கள். கையில் பேனாவும் அரசியல் சட்டமும், காலடியில் கணினி. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சரஸ்வதி எப்படிப் பாடநூல் எழுதித் தரவில்லையோ, அப்படித்தான் இந்த தேவியும்.

மாலை வகுப்பில் இப்போது நாங்களே தாள்களாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். முதல் தாள் மாத்திரை அட்டை. இரண்டாவது பேருந்து அட்டவணை, கேள்வி பதிலோடு, வாய்விட்டுப் பேசுவதற்கு. மூன்றாவது ஒரு ஜாமீன் உத்தரவு, கடினமான சொற்களுக்குத் தமிழில் விளக்கத்தோடு. விடை அதே தாளின் பின்பக்கத்தில். தோழர்கள் தங்கள் ஊருக்கு வந்த ஆங்கில நோட்டீஸ், உத்தரவு, வங்கிக் கடிதம் எதுவானாலும் பெயரை அடித்துவிட்டு ஒரு ஜெராக்ஸ் அனுப்பி வையுங்கள். நாலாவது தாளுக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.