ஆய்வேட்டிலிருந்து ஆய்விதழுக்கு: கேரள எல்லைப்புறத் தமிழாய்வை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1. முனைவர் பட்ட ஆய்வாளர் தம் ஆய்வேட்டை அளிக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிட்டிருத்தல் வேண்டும் என்னும் விதியைப் பல்கலைக்கழக மானியக்குழு 2009இல் வகுத்தது. 2022ஆம் ஆண்டு விதிகளில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், பட்டம் பெறுவதற்கான நுழைவுச்சீட்டாகவே கட்டுரை பலராலும் கருதப்பட்டது. பணம் பெற்றுக்கொண்டு எதனையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதத்தில் மானியக்குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. அதன்பின் உருவாக்கப்பட்ட 'கேர்' பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. எனவே, தக்க இதழைத் தேர்தலும் அதற்கேற்ப எழுதப் பயிற்றுதலும் இன்று நெறியாளரின் பொறுப்பாகின்றன. அப்பொறுப்பு எந்நிலையில் தொடங்குகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. ஆய்வேட்டின் ஓர் இயலைச் சுருக்கி இதழுக்கு அனுப்புவது பரவலான வழக்கம். கிளைமொழி ஆய்வேடுகள் பெரும்பாலும் ஒலியனியல், உருபனியல், தொடரியல் எனப் பகுக்கப்படுவன. அவற்றுள் ஓர் இயல் தனித்து நிற்கும்போது, அது எவ்வினாவிற்கு விடை கூறுகிறது என்பது புலப்படுவதில்லை. இதழின் மதிப்பீட்டாளர் தேடுவது அவ்வினாவையே. ஆங்கில நடையைத் திருத்துவதால் மட்டும் இக்குறை நீங்காது. தமிழ்த் தரவுகளுக்கு உயர்ந்த இதழ்களில் இடமில்லை என்பாரும் உளர். ஆயின், திராவிட மொழித் தரவுகளையும் கொண்டு இந்தியாவை ஒரு மொழிப்பரப்பாக நிறுவிய எமனோவின் கட்டுரை 1956இல் 'லாங்குவேஜ்' இதழில்தான் வெளிவந்தது. அதனை நிலைபெறச் செய்தது அது எழுப்பிய வினாவேயாகும்.

3. எல்லைப்புறத் தமிழிலும் அத்தகைய வினாக்கள் உள்ளன. மலையாளம் தமிழினின்று வேறுபட்ட நெறிகளாக ஏ. ஆர். ராஜராஜவர்மா 'கேரளபாணினீய'த்தில் ஆறனைக் குறிப்பிடுகிறார். அவற்றுள் ஒன்று மெல்லின மிகுதி: தமிழில் 'மாங்காய்', மலையாளத்தில் 'மாங்ங'. மற்றொன்று வினைமுற்றில் இடவேறுபாடு மறைதல்: தமிழில் 'நான் வந்தேன், அவன் வந்தான்', மலையாளத்தில் 'ஞான் வந்நு, அவன் வந்நு'. இருமொழியும் பேசுவோரின் தமிழில் இவ்விகுதிகள் என்னவாகின்றன?

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூர், பழைய கொச்சி அரசைச் சார்ந்தது. கோவைச் சமவெளியோடு தொடர்ச்சியுடையது. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு ஆகியவை பழைய திருவிதாங்கூரைச் சார்ந்தவை. அங்குத் தமிழர் பலர் தோட்டத் தொழிலுக்காகக் குடியேறியவர். ஓரிடத்தில் விகுதி தளர்ந்து மற்றோரிடத்தில் நிலைத்திருப்பின், சமூகச் சூழலே காரணமா என ஆராயலாம். இரண்டிடத்தும் நிலைத்திருப்பின், மொழித்தொடர்பை எதிர்த்து நிற்கும் விகுதியின் வலிமை புலனாகும். எவ்விடை வரினும், தமிழறியாத மொழியியலாளரும் படிக்கத்தக்க கட்டுரை அது.

ஆனால் 'மாங்ங' போன்ற வடிவங்களைச் சொற்பட்டியலே காட்டிவிடும். விகுதியின் நிலையை அறியத் தொடர்ப்பேச்சின் ஒலிப்பதிவு தேவை. பேசுவோரின் வயது, பயிற்றுமொழி, குடியேற்ற வரலாறு ஆகியனவும் வேண்டும். களப்பணி முடிந்தபின் எழும் வினாவிற்குப் பழைய தரவு விடை தராது.

4. மொழிபெயர்ப்பும் இங்குக் கவனத்திற்குரியது. லைப்சிக் விதிமுறைப்படி எடுத்துக்காட்டு மூலம், உருபன் விளக்கம், மொழிபெயர்ப்பு என மூன்று வரிகளில் அமைதல் மரபு. 'வந்தானாம்' என்பதை 'அவன் வந்தான்' என்ற பொருளில் மட்டும் ஆங்கிலத்தில் தந்தால், பிறர் கூறக் கேட்டமை உணர்த்தும் 'ஆம்' மறைந்துவிடும். 'நாம்', 'நாங்கள்' இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லாகும்போது, கேட்போரை உளப்படுத்தும் வேறுபாடும் மறையும். இவ்வாறு மறைவன சில வேளைகளில் கட்டுரையின் மையச் சான்றாகவே இருக்கக்கூடும்.

5. ஆகவே நெறியாளரின் உதவி, ஆய்வேடு முடிந்தபின் செய்யும் நடைத் திருத்தமன்று. முதலாண்டிலேயே வினாவை வரையறுக்கத் துணைபுரிவதாகும். திருவனந்தபுரத்திலிருந்து 1972 முதல் வெளிவரும் திராவிட மொழியியல் பன்னாட்டிதழ் போன்றவற்றில் தொடங்கி, மொழித்தொடர்பாய்வுக்கெனவே உள்ள இதழ்களுக்கு மாணவர் செல்லலாம். இதில் மாணவரின் பட்டம் மட்டும் சார்ந்திருக்கவில்லை. தம் நேரத்தை ஈந்து பேசிய தோட்டத் தொழிலாளர், உழவர் ஆகியோரின் மொழி, எவரும் புரட்டாத பின்னிணைப்பில் முடங்குமா, மொழியியல் அறிவின் பகுதியாகுமா என்பதும் இதனைப் பொறுத்ததே.