கிடங்கில் அலை பார்ப்பவர்

கிடங்கில் சரக்கு எண்ணும் கைக்கணினிக்கு வயர்லெஸ் இணைப்பு அமைப்பவரின் வேலையை நின்று பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. ரப்பர் உறை போட்ட, கையில் கச்சிதமாக உட்காரும் கனமான கருவி. தாளில் அச்சிட்ட பார்கோடுகளுக்கு நேரே அதை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார். சிவப்புக் கோடு விழுகிறது, 'பீப்'. நெட்வொர்க் பெயர், பாஸ்வேர்டு, சர்வர் முகவரி எல்லாம் ஒரு எழுத்தும் தட்டாமலே உள்ளே போய்விடுகின்றன.

அழகு அதற்குப் பிறகுதான். கருவியை ஏந்திக்கொண்டு இரும்பு ரேக்குகளுக்கு நடுவே சந்து சந்தாக நடக்கிறார். திரையில் -60 டிபிஎம், -67, -75 என்று சிக்னல் இறங்க இறங்க நடையும் மெதுவாகிறது. தண்ணீர் பாட்டில்கள் அடுக்கிய பக்கம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சோர்ந்துபோகும்; இரும்பில் பட்டால் சிதறித் திரும்பும்; காலி அட்டைப்பெட்டிகளைச் சுலபமாகக் கடந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இதையெல்லாம் காதால் கேட்பவர்போல நிதானித்து, அலை பரப்பும் அக்சஸ் பாயின்ட்டின் ஆன்டெனாவைச் சற்றே திருப்பிவைத்து, மறுபடி நடக்கிறார். ஒரு அக்சஸ் பாயின்ட்டிடமிருந்து அடுத்ததிடம் கருவி கைமாறும் மூலையில்தான் அவருக்கு நேரம் போகிறது. போர்க்லிஃப்ட் வேகமாகத் திரும்பும் இடம் அது. அங்கே ஒரு ஸ்கேன்கூடத் தவறக் கூடாது என்பதில் அவருக்கு அப்படியொரு பிடிவாதம்.